தடை போயும் காந்தம் வரவில்லை

வணக்கம் சார். கடுங்குளிரில் பாதரசத்தின் மின்தடை மறைவதை 1911-லேயே கண்டுவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தடையே இல்லாத கம்பியைச் சுற்றினால் பெரிய காந்தம் கிடைத்துவிடுமே! அதற்கு ஏன் ஐம்பது வருஷம்? 1987-இல் திரவ நைட்ரஜன் குளிரிலேயே வேலை செய்யும் மீக்கடத்திகள் (தடையே இல்லாமல் மின்சாரம் கடத்துபவை) வந்த பிறகும் எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்கு ஏன் இன்னும் அதைவிடக் குளிரான திரவ ஹீலியம்?

அன்புள்ள நண்பருக்கு,

உங்களுக்குத் தோன்றியதுதான், நெதர்லாந்தின் லைடன் நகரில் அதைக் கண்டுபிடித்த காமர்லிங் ஒன்னஸுக்கும் தோன்றியது. 1913-லேயே ஒரு லட்சம் காஸ், அதாவது 10 டெஸ்லா காந்தத்தைப் பற்றிப் பேசினார் (காஸ், டெஸ்லா இரண்டும் காந்தப்புல வலிமையின் அலகுகள்). ஈயக் கம்பியைச் சுற்றிப் பார்த்தால் சில நூறு காஸிலேயே மீக்கடத்தல் போய்விட்டது. சுருள் உண்டாக்கிய காந்தப்புலமே அதைக் கெடுத்துவிட்டது.

அவர் பாதரசத்தை எடுத்ததே, அதை மிகச் சுத்தமாக வடிக்கலாம் என்பதால். காந்தத்துக்கு வேண்டியதோ நேர் எதிர். 1930-களில் உக்ரைனின் கார்கிவ் நகரில் இயற்பியலாளர் லெவ் ஷுப்னிகோவின் குழு, சில உலோகக் கலவைகளில் புலம் உள்ளே புகுந்த பிறகும் மீக்கடத்தல் நீடிப்பதைக் காட்டியது. 1937-இல் ஸ்டாலின் ஆட்சி அவரைச் சுட்டுக் கொன்றது. சரியான விளக்கம் 1957-இல்தான் சோவியத் இயற்பியலாளர் அப்ரிகோசோவிடமிருந்து வந்தது: புலம் மெல்லிய இழைகளாகப் புகுகிறது, ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு சுழல் மின்னோட்டம். கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் இந்த இழைகள் நகரப் பார்க்கும். நகர்ந்தால் சூடு, தடை. ஆணி அடித்தாற்போல் அவற்றை நிறுத்தி வைப்பவை உலோகத்துக்குள் இருக்கும் குறைகள். இன்றைய நயோபியம்-டைட்டானியம் கம்பியை இழுத்து, சூடேற்றி, மறுபடி இழுத்து, உள்ளே டைட்டானியத் துணுக்குகள் படியச் செய்கிறார்கள். வேண்டுமென்றே கெடுக்கிறார்கள்!

1961-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தின் குன்ஸ்லர் குழு, நயோபியம்-வெள்ளீயக் கம்பி 8.8 டெஸ்லாவிலும் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் ஆம்பியர் தாங்குவதைக் கண்டது. அப்புறம் எல்லாம் வேகம்தான்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் குறைகளில்தான் இருக்கிறது. ஆனால் இவை உதவாத குறைகள். புதிய மீக்கடத்திகள் பீங்கான் மாதிரி நொறுங்குபவை. படிகத் துகள்கள் ஒன்றையொன்று தொடும் எல்லைகளில் மின்னோட்டம் தடைபடும். அதனால் படிகங்கள் எல்லாம் ஒரே திசையில் அமையும்படி உலோக நாடாவில் மெல்லிய படலமாக வளர்க்க வேண்டியிருக்கிறது, செலவு எகிறுகிறது. நயோபியம்-டைட்டானியம் கம்பியோ நன்றாக வளையும், விலையும் குறைவு. எம்.ஆர்.ஐ.க்கு வழக்கமாகத் தேவைப்படும் 1.5 டெஸ்லாவுக்கு அதுவே தாராளம். ஹீலியச் செலவைச் சேர்த்தாலும் கட்டுப்படியாகிறது.