ஆளைப் பார்த்து வியூகமா, வியூகத்துக்கு ஆளா?

அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கும் வாசகர்களிடமிருந்து இந்த முறை கல்லூரி ஃபுட்பால் (கால்பந்து இல்லை, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம்) பற்றித்தான் நிறைய கேள்விகள், அதிலும் தற்காப்பு ஆட்டம் பற்றி. எல்லாம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வருவதால் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: மகன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறான். சனிக்கிழமையானால் நண்பர்களோடு உட்கார்ந்து 4-3, 3-4, 3-3-5 என்று பஸ் நம்பர் மாதிரி பேசுகிறான். இதெல்லாம் என்ன? (வாசகி, ஆன் ஆர்பர்)

களத்தில் ஒரு பக்கத்துக்குப் பதினோரு பேர். தற்காக்கும் அணியில் முன்வரிசையில் நிற்கும் கனத்த ஆட்கள் எத்தனை பேர் என்பது முதல் எண், அவர்களுக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்கள் இரண்டாவது எண். அதற்கும் பின்னால் பாஸை, அதாவது எறியும் பந்தைத் தடுக்க நிற்பவர்களை மூன்றாவது எண் சொல்லும்; இவர்களில் ஓரத்தில் நிற்பவர் கார்னர்பேக், நடுவில் ஆழத்தில் நிற்பவர் சேஃப்டி. இரண்டு எண் மட்டும் சொன்னால் பின்னால் நான்கு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணை விட முக்கியம், யார் எந்த இடைவெளிக்குப் பொறுப்பு என்பதுதான். எதிரணி முன்வரிசையில் ஐந்து தடியர்கள் நிற்பார்கள், அவர்களுக்கு நடுவே உள்ள சந்துகளில்தான் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். வழக்கமான 4-3இல் ஆளுக்கு ஒரு சந்து, அதில் வேகமாகப் பாய்ந்தால் போதும். பழைய பாணி 3-4இல் நடுவே நிற்கும் நோஸ் டேக்கிள் தனியாளாக இரண்டு பக்கச் சந்துகளையும் அடைக்க வேண்டும். 2009இல் அலபாமா சாம்பியன் ஆனபோது அந்த இடத்தில் நின்ற டெரன்ஸ் கோடி 350 பவுண்டுக்கு மேல் இருந்தார். எடை மட்டும் இருந்தால் போதாது, அந்த எடையோடு நகரவும் தெரிய வேண்டும். அப்படிப்பட்ட பையன்கள் வருடத்துக்கு ஒரு சிலர்தான் கிடைப்பார்கள், அவர்களையும் பெரிய கல்லூரிகள் கொத்திக்கொண்டு போய்விடும். ஆள் இல்லாமல் அந்த 3-4ஐ ஆடினால் நடுவில் வாசலைத் திறந்துவிட்ட கதைதான்.

கேள்வி: வெஸ்ட் வர்ஜீனியாவில் ஜெயித்த அதே 3-3-5 மிச்சிகனுக்கு வந்ததும் ஏன் படுத்துவிட்டது? ரிச் ராட்ரிகெஸ் மேல் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. (வாசகர், டெட்ராய்ட்)

உங்கள் கோபம் நியாயம்தான், ஆனால் அதில் பாதியை வேறு பக்கம் திருப்ப வேண்டியிருக்கும்.

வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ராட்ரிகெஸ் தலைமை கோச்சாக இருந்தபோது அந்த 3-3-5ஐ நடத்தியவர் தற்காப்புக் கோச் ஜெஃப் காஸ்டீல். 2008இல் ராட்ரிகெஸ் மிச்சிகனுக்கு வந்தபோது காஸ்டீல் கூட வரவில்லை, அங்கேயே தங்கிவிட்டார். என்னைக் கேட்டால் கதை அந்த இடத்திலேயே பாதி முடிந்துவிட்டது. ராட்ரிகெஸ் தாக்குதல் ஆட்டத்தில் கெட்டிக்காரர், தற்காப்பை இன்னொருவர் கையில் கொடுத்துத்தான் பழக்கம். முதல் வருடம் தற்காப்புக்கு ஸ்காட் ஷேஃபர் வந்தார், ஒரே சீசனில் போனார். அடுத்து கிரெக் ராபின்சன். இவர் ஒன்றும் கத்துக்குட்டி இல்லை, தொழில்முறை அணியான டென்வர் பிராங்கோஸ் அடுத்தடுத்து இரண்டு சூப்பர் பௌல் (தொழில்முறை இறுதி ஆட்டம்) ஜெயித்தபோது தற்காப்பைக் கவனித்தவர். ஆனால் அவர் காலமெல்லாம் பழகிய பள்ளி வேறு. 2010இல் அவரிடம் 3-3-5 ஆடு என்றார்கள். வியூகம் ஒருவருடையது, கற்றுக்கொடுப்பவர் இன்னொருவர், ஆடப்போகும் பையன்களோ மூன்றாவது வருடமாக வேறு வேறு பாடம் படித்துக்கொண்டிருந்தவர்கள்.

ஆள் பஞ்சமும் சேர்ந்துகொண்டது. கார்னர்பேக் டோனோவன் வாரன் படிப்பு முடியும் முன்பே தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார். டிராய் வூல்ஃபோக் ஆகஸ்ட் பயிற்சியில் கணுக்காலில் அடிபட்டு சீசன் முழுவதும் உட்கார்ந்துவிட்டார். 3-3-5 என்பதே பின்னால் ஐந்து பேரை நம்பி ஆடும் ஆட்டம், அந்த ஐந்து பேர் இடத்தில்தான் மிச்சிகனிடம் அனுபவமே இல்லாத சின்னப் பையன்கள் நின்றார்கள்! கையில் குறைவாக இருப்பதையே அதிகம் கேட்கும் வியூகத்தைத் தேர்ந்தெடுத்தால் வேறென்ன நடக்கும். 13 ஆட்டத்தில் 458 புள்ளிகள் விட்டுக்கொடுத்தார்கள். இல்லினாய்ஸை 67-65 என்று ஜெயித்ததைச் சிலர் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள், எனக்கு அது தற்காப்புக்கு எழுதிய இரங்கல் செய்தியாகத்தான் தெரிந்தது. கடைசியில் சீசன் முடிவில் நடக்கும் கேட்டர் பௌல் ஆட்டத்தில் மிசிசிப்பி ஸ்டேட் 52-14 என்று அடித்து அனுப்பியது, ராட்ரிகெஸ் வேலையும் போயிற்று.

பின்னாளில் அரிசோனாவுக்குப் போனதும் அவர் காஸ்டீலைத்தான் கூட்டிக்கொண்டார். பாடம் புரிந்திருக்கிறது, மிச்சிகனுக்குத்தான் பலன் இல்லை.

கேள்வி: அடுத்த வருடமே நிலைமை மாறியதே? அப்படியென்றால் எல்லாம் கோச் கையில்தான், ஆட்டக்காரர்கள் கணக்கில்லை என்றுதானே அர்த்தம்? (வாசகர், சிகாகோ)

அவசரப்படாதீர்கள். 2011இல் தலைமை கோச்சாக பிரேடி ஹோக் வந்தார், தற்காப்புக்கு பால்டிமோர் ரேவன்ஸ் என்ற தொழில்முறை அணியில் இருந்து கிரெக் மாட்டிசனைக் கொண்டுவந்தார். அதே 13 ஆட்டம், விட்ட புள்ளிகள் 226. பாதிக்கும் கீழே! 11 வெற்றி, சுகர் பௌல் கோப்பை. ஆட்கள் பெரும்பாலும் பழைய ஆட்கள்தான்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், ரேவன்ஸ் ஆடியது 3-4. மாட்டிசன் அதை அப்படியே தூக்கிக்கொண்டு வரவில்லை. கையில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தார்: மைக் மார்ட்டின், ரையன் வான் பெர்கன் என்று முன்வரிசையில் கடைசி வருட மாணவர்கள் இரண்டு பேர், மலை மாதிரி இல்லை, ஆனால் சுறுசுறுப்பு. 2010இல் பெரும்பாலும் லைன்பேக்கராக நிறுத்தி வைக்கப்பட்ட கிரெய்க் ரோ இயல்பில் முன்வரிசை ஓரத்து ஆள், அவரைக் கொண்டுபோய் அங்கே போட்டார். பின்னால் ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணிக்குள் நுழைந்த ஜோர்டன் கோவாக்ஸ், பெரிய வேகம் கிடையாது, தப்பான இடத்தில் நிற்க மாட்டார். இந்த ஆட்களுக்கு 4-3 பொருந்தியது. ஹோக்கும் மாட்டிசனும் இருவருமே முன்வரிசையைப் பயிற்றுவித்து வளர்ந்தவர்கள் என்பதால் தங்களுக்குத் தெரிந்ததையே கற்றுக்கொடுத்தார்கள். ஆகையால் கோச் மாறியதால் ஆட்டக்காரர்கள் கணக்கில் வந்தார்கள் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். வூல்ஃபோக் திரும்பி வந்ததையும், எல்லாருக்கும் ஒரு வயது கூடியதையும் மறக்க வேண்டாம், கல்லூரி வயதில் ஒரு வருடம் என்பது நிறைய தசை.

கேள்வி: பெரிய ஆட்கள் கிடைக்காத கல்லூரி என்னதான் செய்வது? (மாணவர், ஃபோர்ட் வொர்த்)

உங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது, டி.சி.யு. (டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்). தலைமை கோச் கேரி பேட்டர்சன் அங்கே 4-2-5 ஆடினார். டெக்சாஸில் 300 பவுண்டு பையன்களுக்குப் போட்டி அதிகம், ஆனால் உயர்நிலைப் பள்ளியில் பந்தோடு ஓடிய வேகக்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. அவர்களை எடுத்து ஒரு படி முன்னால் நகர்த்துவார்: ஓடுபவனை முன்வரிசை ஓரத்துக்கு, சேஃப்டியை லைன்பேக்கருக்கு. ஜெர்ரி ஹியூஸ் பள்ளியில் ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்), டி.சி.யுவில் முன்வரிசை ஓர ஆட்டக்காரராகி 2010இல் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்றிலேயே தொழில்முறை லீகான என்.எஃப்.எல். போனார். மறு வருடத் தொடக்கத்தில் ரோஸ் பௌலில் விஸ்கான்சினின் ராட்சத முன்வரிசையை எதிர்த்து 21-19, தோல்வியே இல்லாத சீசன். எல்லாருக்கும் இந்த வித்தை வராது, பேட்டர்சன் அதே ஆட்டத்தை வருடக்கணக்கில் சொல்லிக்கொடுத்துச் செதுக்கியவர்.

அயோவா ஸ்டேட் இன்னொரு உதாரணம். 2017இல் தற்காப்புக் கோச் ஜான் ஹீகாக் முன்னால் மூன்றே பேரை வைத்துவிட்டு, பின்னால் மூன்று சேஃப்டிகளை நிறுத்தினார். அவர்கள் ஆடும் பிக் 12 லீகில் எல்லாரும் பாஸ் எறிந்துகொண்டிருந்த காலம் அது. அதை வைத்து ஓக்லஹோமா ஊருக்கே போய், நாட்டில் மூன்றாம் இடத்தில் இருந்த அணியை 38-31 ஜெயித்தார்கள். பிறகு எத்தனையோ கல்லூரிகள் நகல் எடுத்தன. நகல் எடுத்த எல்லாருக்கும் பலிக்கவில்லை, ஹீகாக்கை நகல் எடுக்க முடியாதே.

கேள்வி: என்.எஃப்.எல். அனுபவம் உள்ளவரைக் கோச்சாகப் போட்டால் பிரச்சினை தீராதா? (வாசகர், இண்டியானாபொலிஸ்)

மாட்டிசனுக்குத் தீர்ந்தது. தற்காப்புக் கோச் பிரையன் வான்கார்டருக்கு நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் தீரவில்லை. தொழில்முறை அணிகளில் இருந்து வந்தவர், அந்த அளவுக்கே கனமான பாடத்தையும் கொண்டுவந்தார். கல்லூரிப் பையனுக்கு சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் பயிற்சிக்கு அனுமதி, மீதி நேரம் கணக்குப் பரீட்சை, ஹாஸ்டல் சாப்பாடு, காதல் தோல்வி எல்லாம் இருக்கிறது. 2016இல் நான்கு ஆட்டத்தோடு வான்கார்டரை அனுப்பிவிட்டார்கள், அந்த சீசன் 4-8, அதாவது 4 வெற்றி, 8 தோல்வி. அடுத்த வருடம் மைக் எல்கோ வந்து பாடத்தைக் குறைத்தார், 10-3. முழுப் பெருமையும் அவருக்கே என்று சொல்ல மாட்டேன், தாக்குதல் ஆட்டமும் தேறியது.

கேள்வி: இப்போதுதான் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் இருக்கிறதே, வேண்டிய ஆளை வாங்கிக்கொள்ளலாமே? (வாசகர், ஹூஸ்டன்)

ஓரளவு. போர்ட்டல் என்பது கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் கொடுக்கும் பட்டியல். நோஸ் டேக்கிளுக்கு மூன்று வருடம் காத்திருக்க வேண்டாம் என்பது உண்மை. ஆனால் ஜனவரியில் வந்தவன் செப்டம்பரில் ஆடியாக வேண்டும், பக்கத்தில் நிற்பவனும் புதிதாக வந்தவன். அதனால் போர்ட்டலை நம்பும் அணிக்கு எளிய வியூகம்தான் சரிவரும்.

கேள்வி: முதல் முறை மைதானத்துக்குப் போகிறேன். வியூகமும் ஆட்களும் பொருந்துகிறதா என்று எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது? (மாணவி, கொலம்பஸ்)

பந்தைப் பார்க்காதீர்கள். பத்து கஜம் முன்னேற ஓர் அணிக்கு நான்கு முயற்சிதான்; மூன்றாவது முயற்சி, இன்னும் ஒரு கஜம்தான் பாக்கி என்னும்போது தற்காக்கும் அணியில் நடுவில் நிற்கும் கனத்த ஆளைப் பாருங்கள், பின்னால் தள்ளப்படுகிறாரா, அங்கேயே நிற்கிறாரா என்று. அப்புறம் ஒவ்வொரு முயற்சியிலும் பந்து நகர்வதற்கு முந்தைய இரண்டு மூன்று நொடி: பின்வரிசைப் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கையை விரித்துக்கொண்டிருந்தால் ஸ்கோர்போர்டில் இன்னும் தெரியாவிட்டாலும் அணிக்கு வியூகம் பிடிபடவில்லை. கோட்டு மறக்காதீர்கள், நவம்பரில் அங்கே குளிர் அதிகம்.