அந்த 7-க்கு என்ன அர்த்தம்?

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு வயது 61. புற்று என்று வலது நுரையீரலின் மேல்மடலை எடுத்து ஐந்து வாரம் ஆகிறது. ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் ரத்த ரிப்போர்ட்டில், வெள்ளையணு வகைகளில் நியூட்ரோபில் 84 சதவீதம், லிம்போசைட் 12 சதவீதம். வகுத்தால் 7 வருகிறது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், இது 5-ஐத் தாண்டினால் ஆயுள் குறைவு என்று ஏதோ ஆய்வைப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து அம்மா சரியாகத் தூங்குவதில்லை. எதிர்ப்பு சக்தியைக் கூட்ட வேண்டும் என்று தினமும் அப்பாவுக்குச் சீந்தில் பொடி கொடுக்கிறார். நீங்கள் பேத்தாலஜியில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன். அந்த 7-க்கு என்ன அர்த்தம்?

க.

அன்புள்ள க.,

அப்பாவின் நெஞ்சைத் திறந்து மூன்று நாள் ஆகியிருந்தது என்று அர்த்தம். வேறொன்றும் இல்லை. உடம்பில் கத்தி பட்டால் நியூட்ரோபில் ஏறும், லிம்போசைட் இறங்கும். வாந்தி வராமலிருக்க டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு போட்டிருந்தால் இன்னும் ஏறும். நீங்கள் சொல்லும் வகை ஆய்வுகள் பெரும்பாலும் ஆபரேஷனுக்கு முன்பு எடுத்த ரத்தத்தை வைத்துச் செய்தவை. அதில் விகிதம் கூடியிருந்தவர்கள், கூட்டமாகப் பார்த்தால், குறைந்த காலம் இருந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் சளிக்காய்ச்சல், பீடி, ஸ்டீராய்டு எல்லாமே அந்த எண்ணை நகர்த்தும். தனி ஒருவரின் ஆயுளை இப்படி வகுத்து எடுத்துவிட முடியாது.

அம்மாவின் பொடிக்கு வருமுன் ஒரு பழைய கதை.

நெஞ்சுக்குள் சீழ் கட்டுவது எந்த சர்ஜனுக்கும் கெட்ட கனவு. அமெரிக்காவில் ஆல்பனி நகரத்து டாக்டர்கள், நுரையீரல் புற்றுக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டி 1972-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அப்படிச் சீழ் கட்டிப் பிழைத்துக்கொண்ட 18 பேரில் பாதிப் பேர் ஐந்தாண்டைத் தாண்டியிருந்தார்கள். சீழ் கட்டாதவர்களில் தாண்டியவர்கள் 18 சதவீதம்தான். கிருமியை அடிக்க வந்த படை புற்றையும் சேர்த்து அடித்ததோ?

சரி, வேண்டுமென்றே சீழ் கட்டவைக்க முடியாதே. பதிலுக்கு அதே ஊரில் மெக்னீலி குழுவினர், நம் குழந்தைகளுக்கு இடது தோளில் போடுகிற காசநோய்த் தடுப்பூசியான பிசிஜியை ஆபரேஷனுக்குப் பின் நெஞ்சறைக்குள் செலுத்திப் பார்த்தார்கள். 1976-இல் வந்த முதல் முடிவுகள், ஆரம்பக் கட்ட நோயாளிகளிடம் நன்றாகவே இருந்தன. பிறகு பல மருத்துவமனைகள் சேர்ந்து சோதித்தபோது பலன் எதுவும் தெரியவில்லை. வேடிக்கை என்னவென்றால், அதே 1976-இல் கனடாவில் மொராலெஸ் என்பவர் அதே பிசிஜியைச் சிறுநீர்ப்பைப் புற்றுக்குக் கொடுத்த முடிவை வெளியிட்டார். அது பலித்தது. இன்றுவரை நம் ஊர் யூராலஜி வார்டுகளிலும் கொடுக்கிறார்கள்.

ஒரே பிசிஜி ஓரிடத்தில் பலித்தது, இன்னோரிடத்தில் பலிக்கவில்லை. அதனால்தான் ‘எதிர்ப்பு சக்தி’ என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது. ஏதோ மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் ஏற்றுவதுபோல, கூட்டினால் போதும் என்று நினைக்க வைக்கிறது. கட்டியின் துண்டை மைக்ரோஸ்கோப் ஸ்லைடில் பார்த்தால் விஷயம் வேறு. லிம்போசைட்டுகள் கருநீலக் கடுகு மாதிரி இருக்கும். சில கட்டிகளில் யாரோ கடுகை அள்ளி இறைத்ததுபோல, புற்றுச்செல்களுக்கு நடுவிலேயே புகுந்திருக்கும். சிலவற்றில் பத்திரிகை வராதவர்கள் கல்யாண மண்டப வாசலில் நிற்பதுபோல ஓரத்திலேயே நிற்கும். கட்டிக்குள் லிம்போசைட், குறிப்பாகப் புற்றுச்செல்லைக் கொல்லக்கூடிய சிடி8 வகை, நிறையப் புகுந்திருக்கும் நோயாளிகள் ஆபரேஷனுக்குப் பின் பொதுவாக அதிக காலம் இருக்கிறார்கள்.

உள்ளே போயும் சும்மா நிற்பது உண்டு. புற்றுச்செல் பிடி-எல்1 என்ற புரதத்தைக் காட்டி அவற்றுக்கு பிரேக் போடும். அந்த மாதிரி பிரேக்குகளைக் கழற்ற வழி காட்டியதற்குத்தான் 2018-இல் ஹோன்ஜோவுக்கும் ஆலிசனுக்கும் நோபல். 2022-இல் வெளியான ஒரு நுரையீரல் புற்றுச் சோதனையில், ஆபரேஷனுக்கு முன்பே கீமோவோடு, இந்த பிரேக்கைக் கழற்றும் நிவோலுமாப் என்ற மருந்தை மூன்று தவணை கொடுத்தார்கள். கட்டி உடம்பில் இருக்கும்போதே கொடுத்தால், எதை அடிக்க வேண்டும் என்று லிம்போசைட்டுகள் அதைப் பார்த்தே பழகிக்கொள்ளும் என்பது கணக்கு. வெட்டியெடுத்த திசுவில் உயிருள்ள புற்றுச்செல் ஒன்றுகூட இல்லாதவர்கள் 24 சதவீதம். கீமோ மட்டும் வாங்கியவர்களில் 2.2.

பொடி இந்த பிரேக்கைக் கழற்றாது. அதோடு, சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதியிருக்கிறார்கள். அப்பாவுக்கு இனி கீமோ இருக்கலாம், கல்லீரல் நன்றாக இருக்க வேண்டும். அம்மாவிடம் கோபப்படாதீர்கள். இப்போதைக்கு நிறுத்திவைத்துவிட்டு, அடுத்த முறை போகும்போது டப்பாவையே எடுத்துப்போய் ஆன்காலஜிஸ்டிடம் காட்டுங்கள். பதிலுக்குக் காலையில் இரண்டு முட்டை, மூச்சுப் பயிற்சி. பீடி, சிகரெட் இருந்தால் அது அறவே கூடாது.

அப்புறம், டிஸ்சார்ஜ் ஃபைலில் பயாப்ஸி ரிப்போர்ட் இருக்கும். அதில் நிணநீர்க் கணுக்களுக்கு எதிரே 0/11, 2/9 என்பதுபோல ஒரு பின்னம் போட்டிருப்பார்கள். எடுத்த கணுக்கள் கீழே, புற்று பரவியவை மேலே. 7-ஐ விட்டுவிட்டு டாக்டரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள்.