பென்ஷன் கணக்கில் நிவாரணப் பணம் வாங்கலாமா?

கேள்வி: தொண்டிப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம். ராணுவத்திலும் கடற்படையிலும் ஓய்வு பெற்ற 11 பேர் சேர்ந்து, எங்கள் பங்குக் கோவிலை மையமாக வைத்து, புயல், மழைக் காலங்களில் மீட்பு, உணவு என்று உதவி வருகிறோம். துபாயிலும் சிங்கப்பூரிலும் உள்ள ஊர்க்காரர்கள் பணம் அனுப்பத் தயார். என் பென்ஷன் கணக்கிலேயே வாங்கிக்கொள்ளலாமா? வெளிநாட்டு நிதி அனுமதியுள்ள பழைய டிரஸ்ட் ஒன்றை வாங்கித் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார்.

பதில்: இரண்டும் வேண்டாம். முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றால் அதுவே பெரிய நிம்மதி.

உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் உங்கள் சொந்தக் கணக்கில் வந்தால், அந்த முழுத் தொகையும் உங்கள் வருமானமாகிவிடும். அதில் தார்ப்பாய் வாங்கிக் கொடுத்தேன் என்று பிறகு சொல்லிப் பயனில்லை.

சங்கமாகப் பதிவு செய்யுங்கள். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி 7 பேர் போதும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்கு நீங்களே போகலாம். பிறகு சங்கத்தின் பெயரில் பான், வங்கிக் கணக்கு, வருமான வரித்துறையில் தொண்டு அமைப்பு என்ற பதிவு. செபம் முடித்துவிட்டுப் படகேறுவதை எந்தச் சட்டமும் தடுக்காது. ஆனால், உதவி ஒரு சமயத்தவருக்கு மட்டும் என்ற பொருள் விதிமுறைகளில் வந்தால் வரிவிலக்கு போய்விடும். சாதி, மத வேறுபாடின்றி என்று தெளிவாக எழுதுங்கள், செய்வதும் அதைத்தானே.

இனி, எல்லோரும் குழம்பும் இடம்: அரசு அனுமதி தேவைப்படும் வெளிநாட்டு நிதி எது? பணம் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று பார்க்காதீர்கள். அனுப்புபவரின் பாஸ்போர்ட்டைப் பாருங்கள். துபாயில் 20 ஆண்டுகள் இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி அல்ல. சிங்கப்பூரில் நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்றவரும், இந்தியப் பாஸ்போர்ட் இருக்கும்வரை இந்தியக் குடிமகன்தான். ஆனால் அவருடைய தம்பி சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டால், அவர் அனுப்பும் நூறு ரூபாயும் வெளிநாட்டு நிதி. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை காப்பாற்றாது. இந்தியப் பாஸ்போர்ட்காரரே தன் கம்பெனியிலும் வெளிநாட்டு நண்பர்களிடமும் வசூலித்து அனுப்பினால் அதுவும் அப்படியே. எனவே ஒவ்வொருவரிடமும் பாஸ்போர்ட் நகலும், "என் சொந்தச் சேமிப்பு" என்று ஒரு கடிதமும் வாங்கி வையுங்கள்.

பழைய டிரஸ்ட் விற்பவரிடம் வருகிறேன். இந்த ஆட்கள் புயலுக்குப் பின்னால்தான் ஊருக்குள் வருகிறார்கள். ஒருவருக்குக் கிடைத்த வெளிநாட்டு நிதியை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பதை வெளிநாட்டு நிதிச் சட்டத்தின் (எஃப்சிஆர்ஏ) 2020 திருத்தம் அடியோடு தடை செய்துவிட்டது. அனுமதியை வாடகைக்கு எடுக்க வழியில்லை. செத்துப்போன டிரஸ்டை வாங்கினால், அவர்கள் தாக்கல் செய்யாத கணக்குகளும் உங்கள் தலையில் விழும். என்னிடம் வந்த ஒரு மீனவ கிராமத்துக் குழுவுக்கு, கொடுத்த முன்பணமும் போய், மூன்றாண்டுக் கணக்கு கேட்டு நோட்டீசும் வந்தது.

நேர்வழியில் வெளிநாட்டு நிதிப் பதிவு வேண்டும் என்றால் 3 ஆண்டுகள் இயங்கி, 15 லட்சம் ரூபாய் செலவு செய்த பிறகே உள்துறை அமைச்சகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பணமும் ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில்தான் வந்து இறங்க வேண்டும். தேவிபட்டினத்தில் கூரை பறந்தவருக்கு உதவ டெல்லியில் கணக்கு! திருடனைப் பிடிக்கப் போட்ட வலையில் சேவை செய்பவன்தான் மாட்டுகிறான். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதுவரை சிங்கப்பூர் குடிமகனான தம்பி, அனுமதி பெற்ற தொண்டு நிறுவனத்துக்கு நேரடியாகக் கொடுக்கட்டும். பொருள் வாங்குவதும் கணக்கும் அவர்களுடையது. சுமந்து சேர்க்கும் கைகள் உங்களுடையவை.

மீட்புக்குப் போகும்போது பழைய சீருடை வேண்டாம். இப்போதும் பணியில் இருப்பவர் என்று பிறர் நம்பும்படி அணிவது குற்றம். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு (1077) தகவல் சொல்லிவிட்டு இறங்குங்கள்.

கஜா புயலின்போது ஒரு முகாமில், ராணுவத்தில் நாயக் பதவியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரின் நோட்டைப் பார்த்தேன். வரிக்கு ஒரு பெயர், தார்ப்பாய் எண்ணிக்கை, கைநாட்டு. மழையில் மை கலைந்து பாதிப் பெயர்கள் நீலக் கறையாகியிருந்தன. ஒவ்வொரு கறைக்கும் பக்கத்தில் பென்சிலால் மறுபடி எழுதி, அவர்களிடமே இன்னொரு கைநாட்டு வாங்கியிருந்தார். தணிக்கையில் அந்த நோட்டின் மீது ஒரு கேள்வியும் எழவில்லை. நீங்கள் முதலிலேயே பென்சிலில் எழுதுங்கள்.