அட்டைப்பெட்டிக்குள் ஒரு வெப்கேம்

கேள்வி: ஐயா, என் மகன் உயர்நிலை மூன்றில் படிக்கிறான். ஜூன் விடுமுறையில், பல விரல்களால் ஒரே நேரத்தில் தொட்டு இயக்கும் மேசையை வெப்கேம் வைத்துச் செய்யப்போகிறானாம். அக்ரிலிக், இன்ஃப்ராரெட் எல்இடி என்று பட்டியல் போட்டு 180 வெள்ளி கேட்கிறான். இது வேலை செய்யுமா, காசுக்குப் பிடித்த கேடா?
- ஒரு தாயார், உட்லண்ட்ஸ்

பதில்: வேலை செய்யும்மா. ஆனால் 180 வெள்ளியை உடனே எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். முதல் வாரத்துக்கு அவனுக்கு வேண்டியது ஓர் அட்டைப்பெட்டி, ஒரு வெள்ளைத்தாள், பழைய போட்டோ சட்டத்தின் கண்ணாடி, வீட்டில் சும்மா கிடக்கும் வெப்கேம். கண்ணாடி ஓரத்தில் டேப் ஒட்டச் சொல்லுங்கள், கையைக் கிழித்துவிடும்.

கேமரா பெட்டிக்குள் மேல்நோக்கிப் படுத்திருக்கும். பெட்டியின் வாயில் கண்ணாடி, அதன்மேல் தாள். கூரை விளக்கின் வெளிச்சம் தாளில் விழ, விரல் பட்ட இடத்தில் நிழல் விழும். கீழேயிருந்து பார்த்தால் உள்ளங்கை மங்கலாகத்தான் தெரியும்; தாளைத் தொட்ட விரல்நுனி மட்டும் பொட்டு வைத்தாற்போல் கருகருவென்று இருக்கும். யாரும் தொடாதபோது எடுத்த படத்தை மென்பொருள் ஒவ்வொரு புதுப் படத்திலிருந்தும் கழிக்கும். மிஞ்சுகிற பொட்டுதான் விரல். அடுத்த படத்தில் அந்தப் பொட்டுக்கு மிக அருகில் இருப்பதே அதே விரல் என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் மகனுக்குப் பைத்தான் நிரல்மொழி தெரியுமானால், படங்களை அலசும் ஓப்பன்சிவி என்ற மென்பொருள் தொகுப்பை இலவசமாக இறக்கி இதை அவனே எழுதிவிடலாம்.

நான் எடுத்தது ஏ4 தாள் ஐந்து கட்டு வருகிற அலுவலகப் பெட்டி. உயரம் போதவில்லை. சாதாரண வெப்கேம் ஒன்றுக்கு ஏ4 தாள் முழுதும் தெரிய முப்பது சென்டிமீட்டருக்கு மேல் தூரம் வேண்டியிருந்தது. இன்னொரு பெட்டியின் அடியை வெட்டி முதல் பெட்டியோடு ஒட்டினேன். வீட்டில் அதற்கு 'மாடி வீடு' என்று பெயர் வைத்தார்கள்.

கேமராவின் அமைப்பில் இரண்டு இடத்தைக் கட்டாயம் மாற்ற வேண்டும். வெளிச்சத்தைத் தானே கூட்டிக் குறைக்கிற வசதியை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கை தாளை மறைத்ததும் கேமரா 'இருட்டிவிட்டது' என்று படத்தை வெளுக்கும், கழித்தல் கணக்கு தப்பாகும். அடுத்தது, நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமரா 60இல் இருந்தால் குழல்விளக்கு வெளிச்சத்தில் படத்தின்மேல் பட்டை பட்டையாக ஓடும். இது தெரியாமல் நான் கேபிளை மூன்று முறை மாற்றினேன்.

இந்தப் பெட்டியில் அவன் இரண்டு விரலால் ஒரு படத்தை விரித்துச் சுருக்கிக் காட்டட்டும். அதற்குப் பிறகு காசைப் பற்றிப் பேசுங்கள்.

அவன் கேட்பது அடுத்த படி. 2005இல் ஜெஃப் ஹான் என்ற ஆய்வாளர் நியூயார்க்கில் செய்து காட்டிய முறை அது. அக்ரிலிக் பலகையின் ஓரத்திலிருந்து, கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் ஒளியைப் பாய்ச்சினால், பலகையின் செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறக்குறைய 42 பாகைக்கு மேல் சாய்ந்து மோதும் ஒளி வெளியேறாது, உள்ளுக்குள்ளேயே பட்டுப் பட்டு ஓடும். விரல் அழுந்திய இடத்தில் அந்த ஓட்டம் கெட்டு, ஒளி சிதறிக் கீழே கேமராவுக்கு இறங்கும். இங்கே விரல் கறுப்பல்ல, வெள்ளைப் பொட்டு. ஏர்கான் அறையில் காய்ந்த விரல் சரியாக ஒட்டாது. அதற்காகத்தான் பலகைமேல் சிலிகோன் பூசிய டிரேசிங் தாள் போடுகிறார்கள்.

எல்இடியை சிம் லிம் டவரில் வாங்கலாம். ஒளியின் அலைநீளம் 850 நானோமீட்டர் என்று கேட்டு வாங்குங்கள். 12 வோல்ட்டில் ஆறு எல்இடி ஒரு வரிசை, வரிசைக்கு ஒரு 68 ஓம் ரெசிஸ்டர். ரெசிஸ்டர் இல்லாமல் கோத்தால் என்ன ஆகும் என்று ஒரு முறை பார்த்தேன், வரிசையே போய்விட்டது.

என் பெரிய கூத்து வேறு. எல்லாம் கோத்து மின்சாரம் கொடுத்தேன், கணினித் திரையில் கேமராப் படம் கும்மிருட்டு. இரண்டு ராத்திரி சால்டரிங்கையே சந்தேகப்பட்டேன். மூன்றாம் நாள் மனைவி, "டிவி ரிமோட் செத்துப்போச்சா பாருங்க" என்று நீட்டினார். கைபேசிக் கேமராவுக்கு நேரே அமுக்கினேன், ஊதாவாக மின்னியது. அதே ரிமோட்டை வெப்கேமுக்குக் காட்டினேன், ஒன்றுமில்லை. அப்போதுதான் உறைத்தது: வெப்கேமுக்குள் இன்ஃப்ராரெட்டைத் தடுக்கிற கண்ணாடி இருக்கிறது. லென்ஸை இடப்பக்கம் திருகிக் கழற்றினால், பின்னால் சாய்த்துப் பார்க்கும்போது செம்பு நிறம் அடிக்கும் சின்னத் துண்டு அதுதான். சிறு கத்தியால் நெம்பினேன், உடைந்தே வந்தது. உடைந்தால் பரவாயில்லை, சில்லு உள்ளே விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த இடத்தில் பழைய ஃப்ளாப்பி தட்டிலிருந்து வெட்டிய கறுப்புத் துண்டு இரண்டை வைத்தேன். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை அது தடுக்கும், இன்ஃப்ராரெட்டை விட்டுவிடும். பிறகு லென்ஸைத் திருகிக் குவியத்தைத் திரும்ப சரி செய்ய வேண்டும்.

உங்கள் வீட்டுக் கூடம் மேற்குப் பார்த்ததா? எங்களுடையது மேற்கு. மாலை நாலு மணிக்கு மேல் வெயில் உள்ளே வந்தால் பலகை முழுக்க வெள்ளையாகிவிடும், வெயிலிலும் இன்ஃப்ராரெட் நிறைய உண்டு. திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு வேலை செய்யட்டும்.

எல்இடிக்குப் பதிலாக இன்ஃப்ராரெட் லேசர் வாங்குகிறேன் என்று சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கு இமை தானாக மூடாது.

கேள்வி: அப்படியானால் என் கைபேசித் திரைக்குள்ளும் கேமராதானா?
- ஒரு வாசகர், புக்கிட் பாத்தோக்

பதில்: இல்லை தம்பி. கைபேசித் திரைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்முனை வலை இருக்கிறது. விரல் நெருங்கினால் அங்கே மின்தேக்கம், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் அளவு, மாறும்; கைபேசி அதை அளக்கிறது. சாப்ஸ்டிக்கால் கைபேசியைக் குத்திப் பாருங்கள், அசையாது. நம் அட்டைப்பெட்டியைக் குத்தினால் நிழல் விழும், விரல் என்று எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: பெட்டி செய்துவிட்டேன். இரண்டு விரலையும் பக்கத்தில் கொண்டுபோனால் ஒரே பொட்டாகிவிடுகிறதே?
- பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி, ஈசூன்

பதில்: எனக்கும் அப்படித்தான். எவ்வளவு கறுப்பை விரலென்று கொள்வது என்ற அளவைக் கொஞ்சம் கடுமையாக்கிப் பாரும்மா, பொட்டு சிறுத்துப் பிரியும். பக்கவாட்டு விளக்கையும் அணைத்துவிடு. ஒரு விரலுக்கு இரண்டு நிழல் விழுந்தாலும் இதே குழப்பம்தான். அதற்கும் மேல் ஒட்டினால், விரலை நகர்த்தி வை. நானும் அதைத்தான் செய்கிறேன்.