ராத்திரிக்கு என்ன வைக்க? கேள்வி பதில்

வேலை முடிந்து வீடு திரும்பியபின், ஒரு மணி நேரத்துக்குள் சத்தான இரவு உணவைச் சமைத்து முடிப்பது குறித்து நெல்லை, தென்காசி வட்டாரத்து வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு, பள்ளியில் மனையியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அளித்த பதில்கள் இவை.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வங்கி ஊழியர்: டீச்சர், நான் வீட்டுக்கு வர ஏழு மணி ஆகிவிடுகிறது. எட்டரைக்குள் பிள்ளைகள் சாப்பிட்டாக வேண்டும். வாரத்தில் ஐந்து நாளும் தோசையும் தேங்காய்ச் சட்னியுமாகவே போகிறது. இது உடம்புக்குக் கெடுதலா?

தோசை மேல் ஒரு குற்றமும் இல்லை. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போட்டு அரைத்துப் புளிக்க வைத்த மாவு நல்ல உணவுதான். தட்டில் தோசையோடு வேறு என்ன இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். தேங்காய்ச் சட்னி மட்டும் என்றால், அந்த வேளைக்குக் காய்கறி என்று எதுவும் வயிற்றுக்குள் போகவில்லை. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவர் 250 கிராம் தானியம், 85 கிராம் பருப்பு வகை, 400 கிராம் காய்கறி உண்ண வேண்டும் என்கிறது. மதியம் ஒரு கரண்டி பொரியலும் இரவு நான்கு தோசையும் சாப்பிடுகிற வீட்டில் இந்த 400 கிராம் எங்கிருந்து வரும்?

ஆகவே தோசையை வாரத்தில் இரண்டு இரவுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நாளும் சட்னிக்குப் பதிலாக, பாசிப்பருப்போடு கத்தரிக்காய், தக்காளி, சின்ன வெங்காயம் போட்டுக் குக்கரில் வேகவிட்டுத் தாளித்த சாம்பாரை வையுங்கள். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். மற்ற நாட்களுக்கு நம் ஊரிலேயே ஒரு பாத்திரச் சமையல் இருக்கிறது. கூட்டாஞ்சோற்றையும் உளுந்தஞ்சோற்றையும் விடுமுறை நாளுக்கு என்று ஒதுக்கிவிட்டு, வார நாட்களில் வடநாட்டுக் குருமாக்களைத் தேடி நாம் அலைவது எனக்கு எப்போதுமே விளங்காத ஒன்று.

வள்ளியூரிலிருந்து ஒரு வாசகி: கூட்டாஞ்சோறு வைத்தால் சோறு குழைந்துவிடுகிறது, பருப்பு மட்டும் நறுக்கு நறுக்கென்று நிற்கிறது. எங்கே தவறுகிறது, டீச்சர்?

புளியை முதலிலேயே ஊற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன். புளிப்பு சேர்ந்த தண்ணீரில் பருப்பு எளிதில் மசியாது, காயும் விறைப்பாகவே இருக்கும். துவரம்பருப்பு முழுதாக வெந்தபிறகே புளிக்கரைசலைச் சேர்க்க வேண்டும்.

நான்கு பேருக்கு ஒன்றரைக் கப் அரிசி, முக்கால் கப் துவரம்பருப்பு போதும். வீட்டுக்கு வந்ததும் கைகால் கழுவுவதற்கு முன்பே பருப்பை வெந்நீரில் ஊறப் போட்டுவிடுங்கள். அது ஊறுகிற இருபது நிமிடத்தில் கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய், சீனியவரைக்காய், காரட் என்று வீட்டில் இருப்பதை நறுக்கிவிடலாம். நறுக்கிய காய் மூன்று கப்புக்குக் குறையக் கூடாது. சோற்றுக்குள் காய் கிடக்கிறது என்பதைவிட, காய்க்குள் சோறு கிடக்கிறது என்று சொல்லும்படி இருக்க வேண்டும். அரை மூடி தேங்காய்த் துருவல், ஒரு தேக்கரண்டி சீரகம், ஐந்தாறு சின்ன வெங்காயம், நான்கு மிளகாய் வத்தல், கொஞ்சம் மஞ்சள் ஆகியவற்றைக் கரகரப்பாக அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். நைசாக அரைத்தால் சோறு களி மாதிரி ஆகிவிடும்.

அரிசி, பருப்பு, காய் மூன்றையும் குக்கரில் போட்டு, அரிசியும் பருப்பும் சேர்ந்த அளவுக்கு மூன்று மடங்கு தண்ணீர் ஊற்றி, மூன்று விசில் விடுங்கள். ஆவி தானாக அடங்கியபின் திறந்து, நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றி, உப்பும் அரைத்த விழுதும் இரண்டு கைப்பிடி முருங்கைக் கீரையும் சேர்த்து, மெல்லிய தீயில் ஐந்து நிமிடம் கிளறினால் பச்சை வாடை போய்விடும். கடைசியில் இரண்டு கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, உளுந்தம்பருப்பு, கறிவடகம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். மாங்காய்க் காலத்தில் புளிக்குப் பதிலாக நான்கைந்து துண்டு மாங்காய் போடலாம். அதையும் குக்கரைத் திறந்த பிறகே போட வேண்டும். அரிசியைப் பொறுத்தவரை, அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த அம்பை 16 போன்ற குண்டு அரிசி இதற்குப் பொருத்தமாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம். பாஸ்மதியில் கூட்டாஞ்சோறு வைக்கிறவர்களோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

தொட்டுக்கொள்ள அப்பளம் வேண்டாம். வெள்ளரிக்காய்ப் பச்சடி போதும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகர்: என் அப்பாவுக்குச் சர்க்கரை நோய். இரவில் சோறே கூடாது, சப்பாத்தியோ கேழ்வரகுக் கூழோதான் கொடுக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அப்பாவுக்குச் சப்பாத்தி இறங்கவே மாட்டேன் என்கிறது.

சோற்றுக்கும் சப்பாத்திக்கும் மாவுச்சத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் கிடையாது. முழுக் கோதுமை மாவில் நார்ச்சத்தும் புரதமும் சற்றுக் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். நான்கு சப்பாத்தியைக் கிழங்குக் குருமாவோடு சாப்பிடுகிறவருக்கு, ஒரு கப் சோற்றை நிறையக் காயோடு சாப்பிடுகிறவரைவிடச் சர்க்கரை அதிகமாகவே ஏறக்கூடும். கேழ்வரகு நல்ல தானியம்தான், ஆனால் மாவாக்கிக் கரைத்துக் காய்ச்சிய கூழ் சீக்கிரம் செரித்து விரைவாக இரத்தத்தில் கலந்துவிடும். அதே கேழ்வரகை முருங்கைக் கீரையும் வெங்காயமும் போட்டு அடையாகத் தட்டினால் அந்த வேகம் குறையும்.

அப்பாவுக்குச் சோறே கொடுங்கள், அளவை மட்டும் ஒரு சிறு கப்பாகக் குறையுங்கள். தட்டில் பாதி இடம் காய்க்கு இருக்கட்டும். முதலில் காயையும் பருப்பையும் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் சோற்றுக்கு வந்தால், சாப்பிட்டபின் சர்க்கரை ஏறுவது ஓரளவு மட்டுப்படும். பிற ஊர்க்காரர்கள் கொள்ளு என்று சொல்லும் காணத்தை வறுத்து, மிளகாய் வத்தல், பூண்டு, கொஞ்சம் தேங்காய், புளி சேர்த்துத் துவையலாக அரைத்து வைத்தால், புரதமும் நார்ச்சத்தும் சேர்ந்து கிடைக்கும். அந்த ருசிக்குச் சோறு குறைந்ததும் தெரியாது. ஒன்று மட்டும் கவனம்: அவர் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டிருந்தால், மருத்துவரிடம் கேட்காமல் இரவு உணவை ஒரேயடியாகக் குறைத்துவிடாதீர்கள், நள்ளிரவில் சர்க்கரை இறங்கிவிடும் ஆபத்து உண்டு.

தென்காசியிலிருந்து ஒரு வாசகி: உளுந்தஞ்சோறு இரவுக்குக் கனமாகிவிடாதா?

எட்டு மணிக்கு முன்பாகச் சாப்பிட்டுவிட்டால் கனக்காது. இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு தோலோடு உடைத்த கறுப்பு உளுந்தை எடுத்து, வாசம் வரும்வரை வெறும் சட்டியில் வறுத்து, வெந்தயம், பூண்டுப் பற்கள், தேங்காய்த் துருவல் சேர்த்துக் குக்கரில் வைத்துவிட வேண்டியதுதான். நார்ச்சத்து அந்தத் தோலில்தான் இருக்கிறது என்பதால், தோலைக் கழுவிக் களைய வேண்டாம். எள்ளுத் துவையல் இதற்கு எழுதாத சட்டம். என்றாலும் கூடவே ஓர் அவியலோ கீரையோ இருந்தால்தான் அது முழுச் சாப்பாடாகும்.

மேலப்பாளையத்திலிருந்து ஒரு வாசகர்: என் மனைவிக்கு மருத்துவமனையில் இரவுப் பணி என்பதால், வாரத்தில் மூன்று நாள் நான்தான் சமைக்கிறேன். எனக்குச் சோறு வடிக்க மட்டுமே தெரியும். பிள்ளைகள் மீனோ கறியோ கேட்கிறார்கள்.

மீனிலிருந்து தொடங்குங்கள், தம்பி. கறி வேக நேரம் பிடிக்கும், மீன் பத்து நிமிடத்தில் வெந்துவிடும். உவரி, இடிந்தகரை, கூத்தங்குழி எனக் கடற்கரை பக்கத்திலேயே இருக்கிற நமக்கு வஞ்சிரம்தான் மீன் என்ற எண்ணம் தேவையில்லை. மத்தி என்றும் சொல்லப்படும் சாளை மலிவு, இதயத்துக்கு நல்லதென்று சொல்லப்படும் ஒமேகா-3 கொழுப்பும் அதில் தாராளமாக உண்டு. கண் பளபளப்பாகவும் செவுள் சிவப்பாகவும் இருந்து, விரலால் அழுத்திய இடம் உடனே மேலே எழும்பினால் வாங்கலாம்.

சட்டியில் கொஞ்சம் எண்ணெய் விட்டுச் சின்ன வெங்காயத்தையும் தக்காளியையும் வதக்கி, புளிக்கரைசல், மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள், உப்பு சேர்த்து நன்றாகக் கொதிக்க விடுங்கள். தேங்காயோடு சீரகமும் நல்லமிளகும் வைத்து அரைத்ததை ஊற்றி, மறுபடி கொதி வந்ததும் மீனைப் போட்டு, ஏழெட்டு நிமிடத்தில் இறக்கிவிடலாம். மீன் போட்டபின் கரண்டியை உள்ளே விடாதீர்கள். சட்டியின் இரு பக்கத்தையும் துணியால் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றினால் போதும், மீன் உடையாது. குழம்பு கொதிக்கும்போதே பக்கத்து அடுப்பில் ஒரு கட்டுக் கீரையை வதக்கிவிட்டால் பிள்ளைகளுக்கு முழுச் சாப்பாடு ஆகிவிடும். பொரித்த மீனை மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டையிலிருந்து ஒரு வாசகி: காலையில் வடித்த சோற்றையும் குழம்பையும் இரவில் சூடாக்கிச் சாப்பிடுவது சரியா?

குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தால் சரி, அடுப்பு மேடையிலேயே இருந்ததென்றால் வேண்டாம். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் செரியஸ் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் கொதியிலும் சாகாமல் தங்கி, சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்குகின்றன. அந்த நச்சில் ஒரு வகை மறுபடி சூடாக்கினாலும் அழியாது. சித்திரை, வைகாசி வெயிலில் நம் ஊர் அடுப்படி எவ்வளவு காயும் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே வடித்த சோற்றை அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் பெட்டியில் வைத்துவிடுங்கள். தேங்காய் அரைத்துவிட்ட குழம்பும் பருப்பும் சோற்றைப் போலவே சீக்கிரம் கெடும். புளிக்குழம்பும் வத்தல் குழம்பும் சற்றுத் தாங்கும். இரவுக்குச் சோற்றை மட்டும் புதிதாக வடிப்பதே நல்லது, அதற்கு இருபது நிமிடம்தானே ஆகிறது?

கடையநல்லூரிலிருந்து ஒரு வாசகர்: வெள்ளிக்கிழமை தோறும் பரோட்டா வாங்குகிறோம். நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். பரோட்டாவுக்குப் பேர்போன, செங்கோட்டைப் பக்கத்துப் பிரானூர் பார்டரை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு பரோட்டா கூடாது என்று சொன்னால் என் பேச்சை யார் கேட்பார்கள்? வாரத்துக்கு ஒரு வேளை, ஆளுக்கு இரண்டு, வீட்டில் நறுக்கிய வெங்காயமும் வெள்ளரியும் தாராளமாக.

சங்கரன்கோவிலிலிருந்து ஒரு வாசகி: சொதி இரவுக்கு வைக்கலாமா? எண்ணெய், உப்பு அளவையும் சொல்லுங்கள்.

சொதி தேங்காய்ப்பாலில் வைக்கும் குழம்பு. கல்யாணத்துக்கு மறுநாள் விருந்துக்கென்று பிறந்த அதற்குத் தேங்காயில் முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று பிழிந்து எடுக்க வேண்டும், இஞ்சிப் பச்சடியும் அரைக்க வேண்டும். அதை ஞாயிற்றுக்கிழமைக்கு விட்டுவிடுங்கள். தேங்காய்ப்பாலின் கொழுப்பும் தினமும் சேர்த்துக்கொள்ளத் தக்கதன்று.

நான் மேலே சொன்ன வழிகாட்டியின்படி எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 27 கிராம். நான்கு பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். மாதத் தொடக்கத்தில் அந்த அளவை மட்டும் வாங்கி, அது எந்தத் தேதி வரை வருகிறது என்று பாருங்கள்; தனியாகக் கணக்கு எழுத வேண்டியதில்லை. உப்பு ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கும் என்பதைத்தான் நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

களக்காட்டிலிருந்து ஒரு வாசகி: ஞாயிற்றுக்கிழமை எதையெல்லாம் செய்து வைத்தால் வார நாள் சுலபமாகும்?

இடிசாம்பார்ப் பொடி திரித்து வையுங்கள். இரண்டு தேங்காயைத் துருவி, சிறு சிறு பொட்டலங்களாக உறைபெட்டியில் வையுங்கள். காணத்தை வறுத்து ஒரு பாட்டிலில் போட்டுவிட்டால் துவையலுக்குப் பாதி வேலை முடிந்தது. சின்ன வெங்காயம் உரிப்பதுதான் நம் சமையலில் நேரத்தைத் தின்னும் வேலை. வீட்டு ஆண்களும் பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்து உரித்தால் இரண்டு நாளைக்கு வேண்டியது அரை மணியில் ஆகும், மூடியிட்ட டப்பாவில் பெட்டிக்குள் வைத்து அதற்குள் தீர்த்துவிட வேண்டும். முருங்கைக் கீரையை ஆய்ந்து, ஈரமில்லாமல் துணியில் சுற்றி வைத்தால் இரண்டு மூன்று நாள் நிற்கும். காய்களை மட்டும் முன்கூட்டியே நறுக்கி வைக்காதீர்கள், சத்தும் குறையும், வாழைக்காயும் கத்தரிக்காயும் கறுத்தும் போகும். தேங்காய்ச் சட்னியும் அன்றன்றைக்கு அரைத்தால்தான் உண்டு.