மிட்டாய் விற்க வந்த காதல் பாட்டு: வாசகர் கேள்வி – பதில்

வாசகி, விழுப்புரம்: கல்லூரியில் படிக்கும் என் மகள் ஒரு ஜப்பானிய கார்ட்டூன் காதல் பாட்டைப் போனில் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். கூடவே பார்த்து எனக்கும் பிடித்துப்போனது. அப்புறம்தான் தெரிந்தது, அது லோட்டே மிட்டாய் கம்பெனியின் விளம்பரமாம். மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. சரக்கு விற்பதற்காக வரைந்த காதலில் உண்மை இருக்குமா?

இருக்கும் அம்மா. நான் சென்னையில் ஒரு அனிமேஷன் ஸ்டுடியோவில் இன்பிட்வீன், அதாவது ஒரு அசைவின் முக்கிய நிலைகளுக்கு இடைப்பட்ட படங்களை, வரைந்து சம்பளம் வாங்கியவள். எங்களுக்கு வந்த வேலையில் பெரும்பாலானவை விளம்பரங்கள்தான். பிஸ்கட்டுக்கு வரைந்தாலும் சோப்புக்கு வரைந்தாலும், ஒரு குழந்தை திரும்பிப் பார்க்கும்போது கண் முதலில் திரும்ப வேண்டும், தலை பிறகு வர வேண்டும் என்று மாற்றி மாற்றி வரைவோம். அந்த உழைப்பு பொய்யில்லை.

நீங்கள் சொல்வது, லோட்டே தொடங்கி 70 ஆண்டு ஆனதற்காக 2018இல் ஜப்பானில் வெளியிட்ட 'பேபி ஐ லவ் யூ டஸே' என்று நினைக்கிறேன். வரைந்தது போன்ஸ் ஸ்டுடியோ. இயக்கியவர் ரீயே மட்சுமோட்டோ என்ற பெண்மணி. பாடியது பம்ப் ஆஃப் சிக்கன் என்ற இசைக்குழு. சிபா மாவட்டத்தில் சகுரா என்ற ஊரில் சிறுவயதிலிருந்தே ஒன்றாக வளர்ந்த நான்கு நண்பர்கள். இந்த மூன்று தரப்பும் அதற்கு முன்பே, 2015இல் ஒரு டிவி தொடருக்காகச் சேர்ந்து வேலை செய்திருக்கிறார்கள். ஒருவர் கை மற்றவருக்குப் பழகியிருந்தது. பாட்டு எங்கே மூச்சு விடுகிறதோ அங்கே காட்சி மாறுவது அதனால்தான் அவ்வளவு இயல்பாக இருக்கிறது.

இன்னொரு விஷயம், பணம் கொடுத்தவர்கள் எவ்வளவு ஒதுங்கி நின்றிருக்கிறார்கள் என்பது. ஒரு பையனும் பெண்ணும் சந்திக்கிறார்கள், மனசைப் பறிகொடுக்கிறார்கள், கதை அவ்வளவுதான். கம்பெனியின் தின்பண்டங்கள் காட்சிகளுக்குள் அங்கங்கே கலந்து கிடக்கின்றன. பாக்கெட்டை முகத்துக்கு நேரே நீட்டி 'வாங்குங்கள்' என்று யாரும் சொல்வதில்லை. விளம்பரத் துறையில் இது லேசான காரியமில்லை. 'பிராண்ட் பெயரை இன்னும் பெரிசா போடுங்க' என்ற குரல் கடைசி நாள் வரை வந்துகொண்டே இருக்கும். அதைக் கேட்டுக் கேட்டு நொந்து போனவள் என்பதால் சொல்கிறேன், அந்த ஸ்டுடியோவுக்குக் கிடைத்த சுதந்திரம் பெரிய விஷயம். உங்கள் மகளோடு உட்கார்ந்து இன்னொரு முறை நிம்மதியாகப் பாருங்கள்.

வாசகர், நெல்லிக்குப்பம்: எங்கள் ஊர் பாரி மிட்டாய்க் கம்பெனியை வாங்கியதும் இதே லோட்டேதானா? மிட்டாய்க்காரர்களுக்குக் காதல் கதையில் ஏன் இவ்வளவு ஆர்வம்?

ஆமாம், அந்தக் குடும்பம்தான். பாரீஸ் கன்ஃபெக்‌ஷனரியை முருகப்பா குழுமத்திடமிருந்து 2004இல் லோட்டே வாங்கியது. காபி பைட், லாக்டோ கிங், கோகனட் பஞ்ச் எல்லாம் அப்படித்தான் கை மாறின. 'காபியா, டாஃபியா' என்று சண்டை போட்டுக்கொள்ளும் விளம்பரம் உங்களுக்கு மறந்திருக்காது. ஆனால் லோட்டேவுக்கு ஜப்பானில் ஒரு கிளை, கொரியாவில் ஒரு கிளை என்று உண்டு. நம் ஊருக்கு வந்தது கொரியாக் கிளை. அந்தப் பாட்டை எடுத்தது ஜப்பான் கிளை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு அருமையான பதில் இருக்கிறது. லோட்டேவைத் தொடங்கிய ஷின் க்யுக்-ஹோ கொரியாவில் பிறந்து ஜப்பானுக்குப் பிழைக்கப் போனவர். 1948இல் டோக்கியோவில் சூயிங் கம் செய்யக் கம்பெனி தொடங்கியபோது, தன் மனம் கவர்ந்த ஒரு நாவலின் கதாநாயகி பெயரை அதற்கு வைத்தார். ஜெர்மன் எழுத்தாளர் கதே 1774இல் வெளியிட்ட வெர்தர் கதையில் வரும் சார்லோட்டே, சுருக்கமாக லோட்டே. வெர்தர் அவளை முதன்முதலாகப் பார்க்கும் இடம் எது தெரியுமா? தாயில்லாத தம்பி தங்கைகள் ஆறு பேர் சுற்றி நிற்கிறார்கள். அவள் கையில் ஒரு ரொட்டி. யார் யாருக்கு எவ்வளவு பசி, எவ்வளவு வயது என்று பார்த்து வெட்டி வெட்டிக் கொடுக்கிறாள். வெள்ளை உடையோடு விருந்துக்குக் கிளம்பி நிற்பவள், குழந்தைகளுக்குச் சாப்பாடு கொடுக்காமல் படி இறங்க மாட்டாள்! அந்த இடத்தில் வெர்தர் விழுந்துவிட்டான். தின்னக் கொடுக்கும் கையைப் பார்த்துப் பிறந்த காதல் அது. அவள் பெயரைத் தாங்கிய கம்பெனி 70 ஆண்டு கழித்து ஒரு காதல் பாட்டு எடுத்ததை வெறும் வியாபார யுக்தியாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

(உங்கள் ஊர் சர்க்கரை ஆலை லோட்டேவைவிட நூறு வருஷம் மூத்தது. அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்காதீர்கள்.)

வாசகி, தஞ்சாவூர்: ஜப்பானில் காதலர் தினத்தன்று பெண்கள்தான் ஆண்களுக்குச் சாக்லேட் கொடுப்பார்களாமே, நிஜமா?

நிஜம்தான். அதைப் பழக்கியதே மிட்டாய்க் கடைகள். 1950களின் கடைசியில் டோக்கியோ டிபார்ட்மென்ட் ஸ்டோர் ஒன்றில் தொடங்கிய விற்பனை, எழுபதுகளில் நாடு முழுக்கப் பரவியது. மனசுக்குப் பிடித்தவருக்கு ஒரு வகை, ஆபீஸில் கூட வேலை செய்பவர்களுக்கு மரியாதைக்காக இன்னொரு வகை. வாங்கிக்கொண்ட ஆண்கள் சும்மா இருக்கக் கூடாதே! 1980 முதல் மார்ச் 14ஆம் தேதியைப் பதில் மரியாதை நாளாக்கியதும் மிட்டாய்த் தயாரிப்பாளர்கள் சங்கம்தான். கூச்ச சுபாவமுள்ள ஒரு பெண்ணுக்கு வாய் திறக்காமலே மனசைச் சொல்ல இது ஒரு வழி. அலுவலகத்தில் எல்லாருக்கும் வாங்கித் தர வேண்டிய கட்டாயம் பல பெண்களுக்குப் பெரும் தொல்லை. அது குறைந்துவருவது நல்லது.

மாணவர், மதுரை: பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். இதைப் போன்ற மூன்று நிமிடப் பாட்டுக்கு எத்தனை படம் வரைய வேண்டும்? நான் எங்கே தொடங்குவது?

தம்பி, கணக்கை நீயே போட்டுப் பார். திரையில் அடுத்தடுத்து வந்து போகும் ஒவ்வொரு நிலைக்காட்சியும் ஒரு ஃபிரேம். ஒரு வினாடிக்கு 24 ஃபிரேம். மூன்று நிமிடம் 180 வினாடி, ஆக 4,320 ஃபிரேம். ஒவ்வொன்றுக்கும் புதுப் படம் வரைவதில்லை. ஒரே படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் 2,160, மூன்று ஃபிரேமுக்கு நிறுத்தினால் 1,440. ஜப்பானில் இந்த மூன்று ஃபிரேம் முறை சர்வ சாதாரணம். ஆனால் ஒரு காட்சியில் பையன் ஒரு அடுக்கு, பெண் ஒரு அடுக்கு, பறக்கும் துணி இன்னொரு அடுக்கு என்று தனித்தனியாக வரைவதால் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். முக்கியமான நிலைகளைக் கீ அனிமேட்டர் வரைவார். இடைப்பட்டவற்றை என்னைப் போன்ற இன்பிட்வீனர்கள் நிரப்புவோம்.

பாட்டுக்கு வரையும்போது தாளத்தையும் ஃபிரேமில் எண்ண வேண்டும். நிமிடத்துக்கு 120 தட்டு உள்ள பாட்டு என்றால் ஒரு தட்டுக்கு 12 ஃபிரேம். ஆடுகிறவளின் கால் தரையைத் தொடும் படத்தைச் சரியாகத் தட்டு விழும் ஃபிரேமில் வைத்தால், பார்க்கும்போது ஏனோ கொஞ்சம் பிந்தியது போல இருக்கும். ஓரிரு ஃபிரேம் முன்னால் வைத்துப் பார், ஜோடி சேர்ந்துவிடும். ஸ்டுடியோவில் சீனியர் ஒருவர் இதைக் காட்டியபோது அவர் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விலை உயர்ந்த டேப்லெட் இப்போதைக்கு வேண்டாம். ஒரு குட்டி நோட்டின் மூலையில் பந்து குதிப்பதை வரைந்து புரட்டிப் பார். மேலே போகப் போக வேகம் குறையும், அங்கே படங்கள் நெருக்கமாக இருக்க வேண்டும். கீழே வரும்போது இடைவெளி கூட வேண்டும். தரையில் பட்ட கணத்தில் மட்டும் பந்தைக் கொஞ்சம் நசுக்கு. அது உயிரோடு குதிக்கத் தொடங்கியதும், பந்துக்குப் பதிலாக ஒரு பையன் ஒரு பெண்ணைக் கண்டு துள்ளுவதை வரை. கையெழுத்துப் போட்டு எனக்கு அனுப்பு. பார்த்துவிட்டு எழுதுகிறேன்.