மண்டையைப் போட்ட ஆங்கிலம்

கேள்வி: ஐநூறு ஆங்கில மரபுத்தொடர்களை மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனாலும் அலுவலகத்தில் வெளிநாட்டுக்காரர்கள் போனில் பேசுவது பாதி புரியவில்லை. நான் பேசினால் சிரிக்கிறார்கள். இன்னும் எத்தனை படிக்க வேண்டும்?
- ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: ஒன்றுகூட வேண்டாம். படித்ததில் பாதியை மறந்தால் தேவலை.

'கிக் தி பக்கெட்' என்றால் சாவது என்று உங்கள் பட்டியலில் இருக்கும். அர்த்தம் சரிதான். தமிழ் கற்ற வெள்ளைக்காரர் ஒருவர் துக்க வீட்டுக்கு வந்து, "உங்க அப்பா மண்டையைப் போட்டுட்டாராமே, ரொம்ப வருத்தமா இருக்கு" என்று கையைப் பிடித்தால் எப்படி இருக்கும்? இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை, அடிதான் விழும். மேலதிகாரியின் தகப்பனார் காலமானால் 'பாஸ்டு அவே' என்று எழுதுங்கள். கவனம், 'அவே'. 'பாஸ்டு அவுட்' என்றால் மயங்கி விழுந்தார் என்று ஆகிவிடும். '2019-ல் பாஸ்டு அவுட்' என்று நம் பிள்ளைகள் பயோடேட்டாவில் எழுதுகிறார்களே, அமெரிக்கர் காதில் அது கல்லூரியில் மயக்கம் போட்ட கதை.

நாயும் பூனையுமாக மழை கொட்டும் தொடரையும் உருப்போட்டிருப்பீர்கள். நம் பள்ளிக்கூட நோட்ஸில் பொழிகிற அளவுக்கு அது லண்டனில் பொழிவதில்லை. அங்கே 'இட்ஸ் போரிங்' (pouring, கொட்டுகிறது) என்பதோடு சரி. (தமிழில் எழுதினால் ஆழ்துளைக் கிணறு மாதிரி இருக்கிறது, என்ன செய்ய?)

உங்களைக் கவிழ்ப்பவை சின்னச் சொற்கள். 'புட்' தெரியும், 'ஆஃப்' தெரியும். சேர்ந்து வந்தால் தள்ளிப்போடுவது. 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள்வது. நம் 'போடு' மாதிரிதான்: சட்டை போடு, டீ போடு, சண்டை போடு. இதையெல்லாம் நாம் பட்டியல் போட்டா கற்றோம்? அப்புறம், இன்னொரு காபி வேண்டுமா என்று கேட்டதற்கு ஒருவர் 'ஐயாம் குட்' என்றால், வேண்டாம் என்கிறார். பிரிட்டிஷ்காரர் 'யூ ஆல்ரைட்?' என்றால் நம் 'என்ன, சாப்டாச்சா?' ரகம். உங்கள் ரத்தச் சர்க்கரை அளவைச் சொல்லத் தொடங்காதீர்கள்.

அடுத்த முறை புரியாத ஒன்று காதில் விழுந்தால் குறித்துக்கொண்டு அகராதியைப் பாருங்கள். சொல்லுக்குப் பக்கத்தில் 'இன்ஃபார்மல்' (நெருங்கியவர்களிடம் பேசும் வழக்கு) என்று சின்னதாகப் போட்டிருந்தால் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போகாதீர்கள். யார், யாரிடம், எந்த நேரத்தில் சொன்னார் என்பதையும் எழுதிவையுங்கள். உங்கள் ஐநூறில் ஒன்றுக்காவது அந்தக் குறிப்பு இருக்கிறதா?